மெம்பர் கைக்கு ஒரு நேர்ச்சை

பேசுகிற வாய்க்கும் தூக்குகிற கைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க, எங்கள் தாழம்பட்டணம் நகரசபை ஓர் உபகமிட்டி போட்டது. சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கமிட்டி போட்டது உண்மை, தையல்காரரை வரவழைத்து நாடாவால் அளந்ததும் உண்மை. அளந்து முடித்து, குற்றவாளி யார் என்றும் கண்டுபிடித்தார்கள். அது ஓட்டுப் போட்டவர்தான்.

எங்கள் பக்கத்துக் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு. வெள்ளைக்காரன் கணக்குக்கு முப்பத்திரண்டு முடிந்து முப்பத்துமூன்று பிறக்கிற சமயம். வரி கட்டுகிறவனுக்கு மட்டும்தான் அப்போது ஓட்டு. பட்டணத்துக்கு மேற்கே தாழையோடை. ஓடைக்கு அப்புறம் இருக்கிற குடியிருப்புக்கு அக்கரைவிளை என்று பெயர். சந்தை, பள்ளிக்கூடம், தர்மாஸ்பத்திரி எல்லாம் இக்கரையில். அக்கரைக்காரர்கள் வந்துபோக ஓடையின் குறுகலான இடத்தில் இரண்டு பனந்தடிகள் போட்டிருந்தது. கொஞ்சம் கீழே, ஓடை அகலமாகிற இடத்தில், ஆட்களைக் கூலிக்கு அக்கரை சேர்க்கும் கடத்து வள்ளம் ஒன்று ஓடியது. மழை வலுத்தால் வள்ளத்தைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். வள்ளக் குத்தகை மெம்பர் தாணுமாலயனின் மச்சினருக்கு. அதற்கும் நகரசபைக் காரியங்களுக்கும் சம்பந்தமில்லை என்று மெம்பரே யாரும் கேட்காமல் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

அக்கரைவிளையில் ஓட்டு உள்ளவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் ஒருவர் முத்துநாயகம், கருப்பட்டி வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் குற்றவாளியாகவே பிறந்தவர். அடுத்த வீட்டு மாடு பால் மறத்தால், தான் அதைப் பார்த்த பார்வை சரியில்லையோ என்று யோசிப்பார். சந்தையில் எவனாவது காலை மிதித்துவிட்டால், "மன்னிக்கணும், காலு அங்க கிடந்துட்டு" என்று இவர் சொல்வார். இப்படிப்பட்ட ஓர் ஆத்மா ஜனநாயகத்துக்கு எவ்வளவு உபயோகம் என்று அவருக்குத் தெரியாது. மெம்பருக்குத் தெரிந்திருந்தது.

தேர்தலில் தாணுமாலயன் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தார். தாழையோடைக்குப் பாலம். முத்துநாயகம் வீடு வீடாகப் போய் அவருக்காக ஓட்டுக் கேட்டார். ஜெயித்த அன்று மெம்பரைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனந்தடிமேல் அக்கரைக்கு நடந்தார். பாதி வழியில் கால் வழுக்கிவிட்டது. மெம்பர் மாலையும் வேட்டியுமாக ஓடையில் விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீர். எழுந்து நின்று, வலது கையை வானத்துக்கு உயர்த்தி, "இதற்குத்தான் பாலம் வேண்டும் என்கிறேன்!" என்று முழங்கினார். இரு கரையும் கை தட்டியது. கை நன்றாகத்தான் உயர்ந்தது, எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அது யாருக்கும் நினைவு வரவில்லை.

மார்கழியில் பாலத் தீர்மானம் சபைக்கு வந்தது. அங்கத்தினர்களில் பாதிப்பேர் பாலம் வேண்டும் என்பவர்கள், பாதிப்பேர் வேண்டாம் என்பவர்கள். நடுவில் தாணுமாலயன். அவர் கை எந்தப் பக்கமோ தீர்மானம் அந்தப் பக்கம். பார்வையாளர் பெஞ்சில் முத்துநாயகமும் அவர் மனைவி நாகம்மையும் உட்கார்ந்திருந்தார்கள். மெம்பர் எழுந்தார்.

"கனம் பிரசிடெண்டு அவர்களே! அக்கரைவிளைத் தாய்மார்கள் தலையில் பெட்டியும் இடுப்பில் பிள்ளையுமாகப் பனந்தடிமேல் நடக்கிற பரிதாபக் காட்சியைத் தினமும் என் மாடியிலிருந்து காப்பி குடித்துக்கொண்டே பார்க்கிறேன். காப்பி இறங்குவதில்லை. இரண்டாவது காப்பிதான் இறங்குகிறது. அந்தத் தடிமேல் நடப்பது அவர்கள் அல்ல, நான்! இந்தச் சபை பாலம் தராவிட்டால் இனி இந்த நாற்காலியில் உட்காரமாட்டேன்!"

இப்படிச் சொல்லிவிட்டு, களைப்பினால் உட்கார்ந்தார். நாகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் பிரசிடெண்டு. பாதிக் கைகள் எழுந்தன. மெம்பர் கை மேசைமேலேயே கிடந்தது. "எதிர்ப்பவர்கள்" என்றார். மீதிக் கைகளோடு மெம்பர் கையும் எழுந்தது. தீர்மானம் தோற்றது. அழுகையை நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல் நாகம்மை கணவர் முகத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் நூஹு பிடித்துக்கொண்டார். பட்டணத்தில் கயிற்றுக் கடை வைத்திருப்பவர், முத்துநாயகத்துக்குச் சின்ன வயதுக் கூட்டாளி.

"மக்கா, இத விடப்பிடாது. நாமதானே ஓட்டுப் போட்டோம்? வாய் ஒண்ணு சொல்லி கை ஒண்ணு செய்தா என்ன அர்த்தம்ணு நாளைக்கே போய்க் கேக்கணும்."

"நானா கேக்கணும்?" என்றார் முத்துநாயகம்.

"பின்ன? வீடு வீடா ஏறி எறங்கினது நீதானே?"

அதுவும் ஒரு குற்றச்சாட்டாகவே அவர் காதில் விழுந்தது.

மறுநாள் அக்கரைவிளைக்காரர்கள் கூட்டமாக மெம்பர் வீட்டுக்குப் போனார்கள். மெம்பர் வாசலுக்கே வந்து வரவேற்றார். வலது கையில் தோளிலிருந்து விரல் வரைக்கும் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது.

"வாரும் முத்துநாயகம். நீரு வருவீர்ணு தெரியும்."

"மெம்பரே, நேத்து அந்தக் கை..."

"கைதான் முத்துநாயகம், கையேதான். அண்ணைக்கு ஓடையில விழுந்தேன் பாரும், அதில இருந்து இந்தக் கை சொன்ன உடனே எழும்பாது. மனசு உத்தரவு போடும். உத்தரவு தோளுக்கு வரணும், தோளில இருந்து முட்டுக்கு வரணும். நம்ம தக்கலை பஸ்ஸு மாதிரின்னு வச்சுக்கிடும். நேத்து ஆதரவுண்ணு கேட்ட உடனே நான் உத்தரவு போட்டாச்சு. கையும் கிளம்பியாச்சு. அது வந்து சேரும்போ பிரசிடெண்டு எதிர்ப்புக்குப் போயிட்டாரு. நான் என்ன செய்ய?"

கூட்டத்தோடு நூஹுவும் போயிருந்தார். அவர்தான் கேட்டார்: "அப்போ உடனே கீழ எறக்கியிருக்கலாமே?"

"எறக்க உத்தரவு போட்டேனே சாய்பே! அது எறங்கினது வீட்டுக்கு வந்த பெறவு."

மெம்பர் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னைத் தூக்கிட்டுப் போய்க் கீழ போட்டது யாருண்ணு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டேன். பாவம், அவருக்க மனசு வேதனைப்படும்" என்று சொல்லி, மிகுந்த அன்போடு முத்துநாயகத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது.

கேள்வி கேட்கப் போனவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். திரும்பும் வழியில் நூஹுவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"லே, அவனுக்க கைக்கு ஒரு எளவும் இல்ல. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தேய்ச்சது எந்தக் கைண்ணு பாத்தியா?"

"மெதுவாத்தான் தேய்ச்சாரு" என்றார் முத்துநாயகம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கரைவிளைக்குப் பாலம் இல்லாமல் போனதற்குக் காரணம் மெம்பரும் இல்லை, சபையும் இல்லை, தன் கால்தான் என்று நினைத்து நினைத்து மருகினார். வீட்டில் மகள் அன்னக்கிளி மசக்கையோடு வந்திருந்தாள், தலைப்பிரசவம் முடியும்வரை இங்கேதான். "புள்ளைக்கு வைகாசியில, இடவப்பாதி மழையோட மாசம் தெகையும். வயித்தையும் தள்ளிக்கிட்டு எப்பிடி அந்தத் தடியில நடப்பா?" என்று நாகம்மை யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள். பக்கத்தில் கணவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

தை மாதத்தில் சபை, கை விசாரணை உபகமிட்டியை அமைத்தது. நாடா வைத்து அளந்தது இந்தக் கமிட்டிதான். வாயிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள தூரம் மற்ற மனிதர்களுக்கு இருக்கிற அளவுதான் என்று தெரிந்ததும் கமிட்டி கவலைப்பட்டது. கையைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள். மகாராஜாவுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தைப் படித்தார்கள். மெம்பருக்கு இரண்டு கையும் எழுந்தது. அங்கத்தினர் நாற்காலிகளுக்கு மெத்தை போடும் தீர்மானத்தை எடுத்தார்கள். படிப்பதற்கு முன்பே கை எழுந்துவிட்டது. "தாழையோடை" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். கை மேசைமேல் செத்துக் கிடந்தது.

வர்ம வைத்தியர் கோலப்பன் ஆசானைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். மெம்பர் குடும்பத்துக்கு வைத்தியம் பார்ப்பவர். அவர் கையைத் தொடாமல், எட்ட நின்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அடி பட்டது கையில. ஆனா பட்ட இடம் ஓடை. அதனால ஓடை சம்பந்தமான காரியம் வந்தா மட்டும் கை கனக்கும். மத்த காரியத்துக்குத் தங்கம்போல வேலை செய்யும். இது வர்மத்தில அபூர்வம். பெரிய மனுசங்களுக்குத்தான் வரும்."

"பரிகாரம் உண்டா?" என்றார் பிரசிடெண்டு.

"உண்டு. கீழ போட்டவருதான் செய்யணும்."

அறிக்கையை ஏற்றுக்கொண்டு பிரசிடெண்டு ஒரு பிரசங்கம் செய்தார். "வாயும் கையும் ஒத்துப்போகவேண்டும் என்று நகரசபைச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் சொல்லவில்லை. தேர்தலில் மகாஜனங்கள் கேட்டது கனம் அங்கத்தினரின் வாயை. அந்த வாய் இன்றுவரை அவர்களுக்காகவே உழைத்து வருகிறது. கை இந்தச் சபைக்குச் சொந்தம். அதைப் பற்றி மகாஜனங்கள் கேட்பது, அடுத்த வீட்டு அடுப்பைப் பற்றிக் கேட்பதற்குச் சமானம். ஆயினும் கையைக் கெடுத்தவர் மகாஜனங்களில் ஒருவர் என்பதால், இந்தச் சபை பெருந்தன்மையோடு வருத்தப்படுகிறது."

முத்துநாயகம் எழுந்து நின்றார். "ஐயா, எனக்கு ஒண்ணு தோணுது. தப்பா இருந்தா பொறுக்கணும். கை எப்பவும் பிந்தித்தான் வருதுண்ணா, முதல்ல எதிர்ப்பைக் கேட்டுட்டு, பெறவு ஆதரவைக் கேட்டா என்ன? பிந்தி வாற கை ஆதரவில வந்து சேருமே?"

இப்படி ஒரு மூளை கருப்பட்டி விற்றுக்கொண்டிருக்கிறதே என்று பிரசிடெண்டு வியந்தார். இனிமேல் எல்லா வாக்கெடுப்பிலும் எதிர்ப்பே முதலில் என்று விதி திருத்தப்பட்டது. பாலம் சம்பந்தப்படாத தீர்மானம் என்பதால் மெம்பர் கை உடனே எழுந்து ஆதரித்தது.

விதி மாறியது. ஆனால் முத்துநாயகத்தின் மனம் ஆறவில்லை. பரிகாரம் பாக்கி இருந்தது. எங்கள் பக்கத்தில் தலைவலி என்றால் மண்டைக்காட்டு அம்மைக்குத் தலை வடிவில் மண்டையப்பம் வைப்பார்கள், கை கால் நோவு என்றால் மரத்தில் சின்னதாகக் கையோ காலோ செய்து நேர்ச்சை கொடுப்பார்கள். அம்மை கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு சாண் நீளத்தில செய்தாப் போரும்" என்றாள் நாகம்மை.

"ஏட்டி, நான் கெடுத்தது சாண் கையா? ஊருக்கப் பாலத்தையே கெடுத்துட்டேன். குத்தத்துக்குத் தக்க கை வேண்டாமா?"

ஓடைக் கரையில் புறம்போக்கு நிலத்தில் ஓர் அயனிமரம் நின்றது. வள்ளம் செய்ய ஏற்ற, நெட்டையான, வைரம் பாய்ந்த மரம். முந்தின வருஷம் அதை வெட்டிப் பலகை போட்டுக்கொள்கிறோம் என்று அக்கரைவிளைக்காரர்கள் கேட்டபோது, சர்க்கார் மரத்தைப் பார்ப்பதே குற்றம் என்று சபை பதில் அனுப்பியிருந்தது. இப்போது மெம்பர் கைக்கு என்று முத்துநாயகம் விண்ணப்பம் போட்டார். அன்று மாலையே அனுமதி வந்தது. வெட்டுவதற்கு நகரசபைக் கோடாலியும் கூடவே வந்தது.

தச்சர் முழு மரத்தையும் ஒரே கையாகச் செய்தார். தோள் முதல் விரல் வரைக்கும் மலர்த்தி நீட்டிய கை. மேற்பக்கம் சீவிச் சமமாக்கி, உள்ளங்கையில் ஆயுள் ரேகை நீளமாக வெட்டியிருந்தது. நூஹுவிடம் போய் முத்துநாயகம் வடம் கேட்டார். "வடம் தாறேன். இதில எனக்கு நம்பிக்கை உண்டாண்ணு மட்டும் கேக்காத" என்று சொல்லி, இருப்பதில் நல்ல கயிறாக எடுத்துக் கொடுத்தார். கையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஓடை வழியாகக் கால்வாய்க்குக் கொண்டுபோய், பிறகு மணலில் இழுத்து மண்டைக்காட்டில் சேர்த்தார்கள்.

கோயிலில் இருந்தவர்கள் வெளியே வந்து கையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு பெரியவர் நயமாகச் சொன்னார்: "அம்மை பாத்தாச்சு. மனசு நிறைஞ்சாச்சு. இத வைக்க இஞ்ச எடமில்ல மக்களே. ஊருக்கே கொண்டுபோய் மரியாதையா வையுங்க. நேந்த பொருளு, காலு படாமப் பாத்துக்கிடுங்க."

வந்த வழியே கையைக் கொண்டுவந்து, அக்கரையில் பனந்தடிகளுக்குப் பக்கத்தில் கல்லடுக்கி அதன்மேல் வைத்தார்கள். சாயங்காலம் விளக்கு வைத்தார்கள். மெம்பர் ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்க கையைவிடக் கொள்ளாம்" என்று பாராட்டினார்.

சித்திரையில் பாலத் தீர்மானம் மறுபடி வந்தது. மெம்பர் பேச்சு முன்னதைவிட உருக்கமாக இருந்தது. தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. பிரசிடெண்டு புது விதிப்படி, "எதிர்ப்பவர்கள்..." என்று ஆரம்பித்தார். சொல் முடிவதற்குள் மெம்பர் கை விருட்டென்று எழுந்து நின்றது. மெம்பரே அதை அண்ணாந்து ஆச்சரியமாகப் பார்த்தார். தீர்மானம் தோற்றது.

"நேர்ச்சை பலிச்சிட்டு முத்துநாயகம்!" என்று வாசலிலேயே கட்டிக்கொண்டார் மெம்பர். "கை சுகமாச்சு. ஆனா கொஞ்சம் கூடுதலா சுகமாயிட்டு. பிரசிடெண்டுக்க சத்தம் கேட்டாப் போரும், நான் உத்தரவு போடுகதுக்கு முன்னயே எழும்புது. சின்னக் கையா செய்திருந்தா அளவா சுகமாயிருக்கும். சரி, போட்டும். பழைய விதி இருந்திருந்தா முதல்ல எழும்பின கை ஆதரவில நிண்ணிருக்கும். விதிய மாத்தச் சொன்னது யாருண்ணு நான் சொல்லமாட்டேன்."

அக்கரைவிளையே திரும்பி முத்துநாயகத்தைப் பார்த்தது. இந்தத் தடவை பார்வையில் பரிதாபம் இல்லை. மரமும் போச்சு, விதியும் போச்சு, பாலமும் போச்சு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். அன்னக்கிளி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, நான் அந்தத் தடியிலயே பைய நடந்து போயிருவேன். நீங்க எனக்காக இனி ஒண்ணும் செய்யாண்டாம்."

மகள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அது தாங்கவில்லை.

இடவப்பாதி மழை அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு விடியலில் பனந்தடிகள் இரண்டையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. வள்ளத்தை ஏற்கனவே கட்டிப்போட்டுவிட்டார்கள். அன்று உச்சியில் அன்னக்கிளிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கிடக்கு. எனக்க கைக்கு நிக்காது, ஆஸ்பத்திரிக்கு எடுங்க" என்றாள்.

எடுப்பதற்கு வழி எங்கே? ஓடைக் கரையில் ஊரே கூடி நின்றது. எதிர்க் கரையில் நூஹுவும் சந்தை ஆட்களும். நடுவில் செம்மண் தண்ணீர். ஓடையைத் தாண்டுகிற நீளத்தில் அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு மரம்தான், அது கையாகிக் கிடந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மைக்கு நேர்ந்த பொருள். கால் படக்கூடாது.

செய்யாத குற்றங்களுக்கெல்லாம் தலைகுனிந்து வாழ்ந்தவர், இப்போது ஒரு குற்றத்தைத் தெரிந்தே செய்யவேண்டி வந்தது. முத்துநாயகம் கையின் முன்னால் விழுந்து கும்பிட்டார். "அம்மே, மிதிக்கியது நான். புள்ளைக்கக் காலு படாது. என்ன உண்டுமோ அத எனக்குத் தந்துரு" என்றார். எழுந்து விளக்கை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மரத்தில் தோளைக் கொடுத்தார். அவர் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள்.

நூஹு வடத்தில் கல்லைக் கட்டி வீசினார். அந்தப் பக்கம் இழுக்க, இந்தப் பக்கம் தள்ள, கை வெள்ளத்தின்மேல் நீண்டு போய் விரல்களை எதிர்க் கரையில் வைத்தது. முத்துநாயகம் மகளை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஏறினார். ஒருவரைக் கீழே போட்ட ஆள் இவர் என்பது அவருக்கும் தெரியும், அவள் அவர் கழுத்தைப் பிடித்த பிடியில் அவளுக்கும் தெரிந்தது. முழங்கையைத் தாண்டினார். மணிக்கட்டைத் தாண்டினார். உள்ளங்கைக்கு வந்தபோது நூஹு எட்டிப் பிடித்தார். கால் வழுக்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அக்கரைவிளை முழுவதும் அந்தக் கைமேல் நடந்து சந்தைக்குப் போயிற்று. முத்துநாயகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுவிட்டு ஏறினார்.

ஆனி பிறந்ததும் சபையிலிருந்து ஆள் வந்தது. கனம் அங்கத்தினரின் கையை ஓடையில் போட்டு, தானும் மிதித்து, ஊரையும் மிதிக்கச் செய்த குற்றத்துக்கு முத்துநாயகம் நேரில் வந்து பதில் சொல்லவேண்டும். அதே கூட்டத்தில், அந்தக் கையைப் பாலமாக ஏற்பதா என்று வாக்கெடுப்பும் நடக்கும். ஏற்காவிட்டால் மறுநாளே அப்புறப்படுத்தப்படும். அன்னக்கிளி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பச்சைக் குழந்தையோடு அவள் வீடு திரும்ப வேறு வழி இல்லை.

பார்வையாளர் பெஞ்சு நிறைந்து, ஜன்னல்களிலும் தலைகள். முத்துநாயகத்தை மெம்பரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"அங்கத்தினரின் கை என்பது மரமானாலும் சபையின் கை" என்றார் பிரசிடெண்டு. "அது மக்களுக்கு மேலே இருக்கவேண்டிய வஸ்து. மக்களுக்குக் கீழே கிடந்து உபயோகப்படுவது அதன் கௌரவத்துக்குப் பங்கம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒப்புக்கிடுகேன்."

"எந்தக் குற்றத்தை?"

"எல்லாத்தையும்" என்றார் முத்துநாயகம்.

மெம்பர் எழுந்தார். "இவரை மன்னிக்கிறேன்! என் கையை மிதித்து என் மக்கள் கரை ஏறட்டும்! ஒரு பிரதிநிதிக்கு இதைவிடப் பேறு என்ன? அந்தக் கையை அகற்றுவதற்கு முன் இந்தக் கையை அகற்றுங்கள்!" என்று வலது கையை மார்பில் அடித்துக்கொண்டு பேசினார். கட்டடம் அதிரக் கை தட்டினார்கள். பேச்சு இவ்வளவு நன்றாக இருந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று முத்துநாயகத்துக்கு நினைவிருந்தது.

"வாக்கெடுப்பு" என்றார் பிரசிடெண்டு.

"ஐயா, ஒரு அபேட்சை" என்றார் முத்துநாயகம். "மெம்பருக்க கை எனக்க குத்தத்தால கெட்டது. முதல்ல பிந்திச்சு, பெறவு முந்திச்சு. பரிகாரத்தைக் கீழ போட்டவருதான் செய்யணும்ணு ஆசான் சொல்லி, சபையும் ஏத்துக்கிட்டாச்சு. அதனால இன்னைக்கு நான் பக்கத்தில நிண்ணு அந்தக் கையைத் தாங்கிக்கிடுகேன். முந்தினா அமத்திக்கிடுகேன். பிந்தினா தூக்கிக்கிடுகேன்."

அவர் அதைச் சூதாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். பிரசிடெண்டு விதிகளை யோசித்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை.

"வேண்டாம், வேண்டாம்" என்று மெம்பர் பதறினார். "கைக்கு ஒண்ணும் இல்ல. நான் சொன்னபடி கேக்கும்."

"அப்போ மார்கழியிலயும் சித்திரையிலயும் கேட்டது யாரு சொன்னபடி மெம்பரே?" என்று ஜன்னல் பக்கமிருந்து நூஹுவின் குரல் வந்தது.

மெம்பர் உட்கார்ந்தார். முத்துநாயகம் பயபக்தியோடு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்ப்பவர்கள்" என்றார் பிரசிடெண்டு.

கை எழும்பப் பார்த்தது. முத்துநாயகம் அமர்த்தினார். பிடித்த பிடியில் அவருக்குத் தெரிந்தது, கை தானாக எழவில்லை. முதலில் மெம்பரின் தாடை இறுகியது, பிறகு தோள் இறுகியது, அதற்குப் பிறகுதான் கை கிளம்பியது. உத்தரவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நோயில்லாத, நன்றாகத் தின்று வளர்ந்த கை. அவர் மெம்பரின் முகத்தைப் பார்த்தார். மெம்பர் வேறு பக்கம் பார்த்தார்.

கோபம் வரும் என்று முத்துநாயகம் நினைத்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது. இந்தக் கைக்காகவா ஊர் மரத்தை வெட்டினோம், அம்மையிடம் போய் நின்றோம், இதற்காகவா மகளை வெள்ளத்தின்மேல் கொண்டுபோனோம் என்று நெஞ்சு எரிந்தது. வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, தான் செய்த தப்பு இன்னதுதான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மெம்பரை நம்பச் சொல்லி வீடு வீடாகப் போனது.

"ஆதரிப்பவர்கள்."

பாதிக் கைகள் எழுந்தன. மெம்பர் கை இப்போது கனத்தது. விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன. முத்துநாயகம் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து, இரண்டு கைகளாலும் தூக்கி, பிரசிடெண்டுக்கு நன்றாகத் தெரிகிற உயரத்தில் நிறுத்தினார். பெஞ்சில் நாகம்மை எழுந்து நின்றுவிட்டாள்.

"விடும்வே" என்றார் மெம்பர், பல்லைக் கடித்துக்கொண்டு. "முத்துநாயகம், விடும்."

"விடமாட்டேன் மெம்பரே" என்றார் முத்துநாயகம். "முன்ன ஒருதடவை விட்ட குத்தமே எனக்குப் போரும்."

பிரசிடெண்டு வேறு வழியில்லாமல் எண்ணத் தொடங்கினார்.